கோம்பேயில் ஐந்து நாள்: ஜேன் குடால் விட்டுவந்த காடு

முதல் நாள், கிகோமா

இரண்டு இரவுகளை ரயிலில் கழித்துவிட்டு இன்று காலை கிகோமாவில் இறங்கினேன். தான்சானியாவின் மேற்குக் கோடி இது. தார் எஸ் சலாம் கடற்கரையில் புறப்படும் தண்டவாளம் சுமார் 1,250 கிலோமீட்டர் ஓடி, டாங்கனிக்கா ஏரிக்கரைக்கு வந்ததும் முடிந்துவிடுகிறது. ஜெர்மானியர் காலத்து நிலையக் கட்டடத்தை விட்டு வெளியே வந்து சரிவில் நடந்தால் எதிரே நீலமாக ஏரி. ஏரி என்றால் நமக்கு ஊர்க் கண்மாய்தான் மனதில் வரும். இதன் ஆழம் 1,470 மீட்டர். உலகத்தில் பைக்காலுக்கு அடுத்த ஆழமான ஏரி. அக்கரையில் காங்கோ நாட்டு மலைகள் புகைபடிந்த கோடாகத் தெரிகின்றன.

நான் வந்தது ஏரிக்காக இல்லை. இங்கிருந்து வடக்கே 16 கிலோமீட்டர் தள்ளி, கரையோரமாகவே, கோம்பே என்ற சின்னக் காடு இருக்கிறது. 1960 ஜூலை 14ஆம் தேதி ஜேன் குடால் என்ற 26 வயதுப் பெண் ஒரு படகில் போய் அங்கே இறங்கினார். பட்டப்படிப்பு கிடையாது. செயலாளர் பயிற்சி முடித்து, ஹோட்டலில் பரிமாறிச் சேர்த்த காசில் கப்பல் ஏறி ஆப்பிரிக்கா வந்தவர். கென்யாவில் லூயி லீக்கி என்ற தொல்மானுடவியலாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சிம்பன்சிகளைக் கவனிக்கப் படித்தவரைவிடப் பொறுமையானவர் வேண்டும் என்று நினைத்த லீக்கிதான் இவரை அனுப்பிவைத்தார்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அவருடைய மேடைப் பேச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். நரைத்த முடியைப் பின்னால் கட்டியிருந்தார். பேச ஆரம்பிக்கும் முன்னால் சிம்பன்சிகள் தூரத்தில் இருக்கும் தோழர்களுக்குக் குரல் கொடுப்பதுபோல ஒரு வணக்கம் சொன்னார். தாழ்ந்த குரலில் "ஹூ... ஹூ..." என்று தொடங்கி, மூச்சு வாங்கி வாங்கி மேலே ஏறும் குரல். பின் பெஞ்சு வரை எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், அவங்களுக்குக் காடுதானே பிடிக்கும்? அப்புறம் ஏன் அதை விட்டுட்டு ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க?"

நியாயமான கேள்வி. 1986க்குப் பிறகு அவர் ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல மூன்று வாரம் இருந்ததில்லை. வருடத்துக்கு 300 நாள் பயணம். 2025 அக்டோபர் 1 அன்று, 91 வயதில் அவர் உயிர் பிரிந்தது கூட கலிபோர்னியாவில், பேச்சுப் பயணத்தின் நடுவில்தான். கோம்பேயின் மரநிழலில் உட்கார்ந்து வயதானவராக ஆசைப்பட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதைத் தூக்கிக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

சாயங்காலம் சந்தைப் பக்கம் நடந்தேன். ஜேன் இங்கே வந்த நேரம் ஊரே கலங்கிக் கிடந்திருக்கிறது. 1960 ஜூன் 30இல் பெல்ஜியன் காங்கோ விடுதலை பெற்றது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் அக்கரையிலிருந்து அகதிகள் படகு படகாக வந்து இறங்கினார்கள். உடனே கோம்பே போக முடியவில்லை. ஜேனும் அவருடைய அம்மாவும் சும்மா உட்காரவில்லை, அகதிகளுக்காக ரொட்டியில் இறைச்சி வைத்து மலைமலையாகச் சாண்ட்விச் செய்துகொடுத்தார்கள். அம்மா ஏன் கூட வந்தார் என்று கேட்பீர்கள். இளம்பெண் தனியாகக் காட்டில் தங்குவதற்கு அப்போதைய ஆங்கிலேய நிர்வாகம் அனுமதி தரவில்லை. சரி, நான் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார் அம்மா.

இரண்டாம் நாள், ஏரி வழியாக

முன்கூட்டியே பணம் கட்டியிருந்த விசைப்படகு வரவில்லை. ஏற்பாடு செய்த முகவர் போனை எடுக்கவில்லை. பத்து மணி வரை காத்திருந்துவிட்டு, ஊருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கும் கிபிரிசி கரைக்குப் போனேன். உள்ளூர்ச் சனங்கள் போகும் மரப் படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. இப்போது யோசித்தால் முகவர் வராததே நல்லதாகப் போயிற்று.

கிபிரிசி கரை முழுக்க டகா மீன் காய்கிறது. நம் நெத்திலி மாதிரி விரல் நீளம், வெள்ளி நிறம். இரவில் விளக்கு வைத்துப் பிடித்து, பகலில் மணலிலும் வலையிலும் பரப்பிக் காயப்போடுகிறார்கள். அந்தக் கருவாட்டு வாசனையோடு படகில் ஏறினேன். மாவு மூட்டை, கோழி, பிளாஸ்டிக் குடம், பிள்ளை குட்டிகள் எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். பெரியவர்களைப் பார்த்து "ஷிகமூ" என்று சொல்ல வேண்டும், அவர்கள் "மரஹபா" என்பார்கள். காலில் விழுந்து கும்பிடுவதற்குச் சமமான வணக்கம் அது என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த பாட்டிக்குச் சொன்னதும் அவர் நகர்ந்து எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

படகு கரையை ஒட்டியே போகிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நான் பார்த்தவை மொட்டை மலைகள். சரிவெல்லாம் மரவள்ளித் தோட்டம், மண் அரித்துச் சிவந்த கீறல்கள், அங்கங்கே ஒரு மாமரம், ஓலை வேய்ந்த வீடுகள். திடீரென்று, கத்தரித்து ஒட்டியதுபோல, காடு ஆரம்பிக்கிறது. இந்தப் பக்கம் புல் காய்ந்த மேடு, அந்தப் பக்கம் ஓடைதோறும் இறங்கிவரும் கரும்பச்சை. எல்லைக் கல் தேவையே இல்லை. பாட்டி கையை நீட்டி "கோம்பே" என்றார்.

1960இல் இந்தக் கோடே கிடையாது. மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகிற பெருங்காட்டின் ஒரு முனையாக இது இருந்தது என்று ஜேன் சொல்வார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சிறிய விமானத்தில் இதன் மேலே பறந்தபோதுதான், சுற்றிலும் மொட்டையாகி, நடுவில் தீவு மாதிரி தன் காடு மட்டும் நிற்பதை ஜேன் கண்டார். வானத்திலிருந்து அவர் பார்த்ததை நான் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த மாணவியின் கேள்விக்குப் பாதி பதில் கரையேறும் முன்பே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கரையில் முதலில் வரவேற்றவை பபூன் குரங்குகள். கூழாங்கற்களின் மேல் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. சாப்பாட்டை வெளியே எடுக்கவே கூடாது என்று முதல் எச்சரிக்கை. இரவு விடுதி அறையில் புழுக்கமாக இருந்தது. தன் முதல் ராத்திரியில் ஜேன் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, நட்சத்திரங்களுக்குக் கீழே, பனையோலைச் சலசலப்பில் தூங்கினாராம். எனக்கு பபூன் பயம். ஜன்னல் வழியாக அதே சலசலப்பைக் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். சிக்னல் ஏரிப் பக்கம் போனால்தான் வரும்.

மூன்றாம் நாள், காட்டுக்குள்

கால் வலிக்கிறது, ஆனாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயது இருக்கும், என்னை "மமா" என்று கூப்பிடுகிறார். இங்கே பெண்களுக்கு அதுதான் மரியாதைச் சொல். முன்னாலேயே ஆட்கள் போயிருந்தார்கள். சிம்பன்சிகள் தினமும் இரவு மரத்தின் மேல் கிளைகளை மடக்கிப் புதுக் கூடு கட்டித் தூங்கும். முந்தின நாள் எங்கே கூடு கட்டின என்று பார்த்து வைத்து, விடியற்காலையில் அங்கே போய் நிற்பவர்கள் அவர்கள். 1960இல் தொடங்கிய குறிப்பு இன்று வரை தொடர்கிறது.

அந்தத் தொடர்ச்சி யாரால் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1975 மே மாதம் ஏரியின் அக்கரையிலிருந்து ஆயுதக் குழு ஒன்று படகில் வந்து, ஆராய்ச்சிக்காக வந்திருந்த நான்கு மாணவர்களைக் கடத்திக்கொண்டு போனது. பிறகு எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் அதற்குப் பிறகு வெளிநாட்டு மாணவர்கள் இங்கே தங்கி வேலை செய்ய முடியவில்லை. அப்போது குறிப்பேட்டைக் கையில் எடுத்தவர்கள் இந்த ஏரிக்கரைக் கிராமத்து ஆட்கள். ஹிலாலி மத்தாமா போன்றவர்கள் சுவாஹிலியில் எழுதிய நாட்குறிப்புகள் இல்லையென்றால் உலகம் பேசும் கோம்பே ஆராய்ச்சி அன்றைக்கே நின்றிருக்கும். ஜேன் பெயரைச் சொல்லும்போது இவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை.

போகும் வழியில் ஒரு கறையான் புற்று. வழிகாட்டி நின்றார். புல்லிலிருந்து ஒரு தண்டைப் பிடுங்கி, நுனியைக் கிள்ளி நேராக்கினார். இன்னொரு சுள்ளியை எடுத்து, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலுமாகப் பிடித்து ஒரே இழுப்பில் இலைகளை உருவினார், நாம் தென்னையோலையில் ஈர்க்கு உருவுவது மாதிரி. "மழை ஆரம்பிக்கும்போது வரவேண்டும், மமா. இப்போது புற்று மூடியிருக்கிறது" என்றார். மழைக்காலத் தொடக்கத்தில் கறையான்கள் பறக்கத் தயாராகும், புற்றின் வாய் மெல்லிசாக மூடியிருக்கும். சிம்பன்சி விரலால் அதைச் சுரண்டித் திறந்து, தண்டை மெதுவாக உள்ளே விடும். காவல் கறையான்கள் அதைக் கவ்விப் பிடிக்கும். ஆடாமல் வெளியே இழுத்து உதட்டால் வழித்துச் சாப்பிட வேண்டியதுதான். அவசரப்பட்டால் எல்லாம் உதிர்ந்துபோகும்.

1960 நவம்பரில் இதைத்தான் ஜேன் பார்த்தார். வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. 500 கஜத் தூரத்தில் கண்டாலே சிம்பன்சிகள் ஓடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அவருக்கும் அம்மாவுக்கும் மலேரியா வந்து வாரக்கணக்கில் படுத்துவிட்டார்கள். கையில் இருந்த பணம் ஆறு மாதத்துக்குத்தான். அப்படிப்பட்ட நேரத்தில், நரைத்த தாடியால் டேவிட் கிரேபியர்ட் என்று அவர் பெயர் வைத்திருந்த ஆண் சிம்பன்சி, ஒரு புற்றின் பக்கத்தில் உட்கார்ந்து தண்டு விட்டுக் கறையான் பிடித்துக்கொண்டிருந்தது. இலையுள்ள சுள்ளியின் இலைகளை உருவிக் கருவியாக ஆக்கியதையும் கண்டார். கருவி செய்வது மனிதன் மட்டுமே என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். செய்தி போனதும் லீக்கி, இனி கருவி என்பதற்கோ மனிதன் என்பதற்கோ வேறு இலக்கணம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சிம்பன்சியை மனிதனாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பதில் அனுப்பினார்.

அந்த இலை உருவிய சுள்ளியை என் நோட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். காட்டிலிருந்து ஒன்றும் எடுத்துப் போகக்கூடாது. சரிதான், புற்றின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பதினோரு மணிக்குக் கம்பியில்லாப் பேசியில் தகவல் வந்தது. செங்குத்தான ஏற்றம், வேரைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். முகக்கவசம் போட்டுக்கொண்டோம். பத்து மீட்டருக்குள் நெருங்கக்கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது.

ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். பெரியது மரத்தில், சின்னது தாயின் வயிற்றில். பெயர்கள் "ஜி" எழுத்தில் தொடங்குகின்றன. இங்கே தாயின் பெயர் எந்த எழுத்தோ அதே எழுத்தில்தான் பிள்ளைகளுக்குப் பெயர். ஜேன் கவனித்த தாய்ச் சிம்பன்சி ஃப்ளோவின் பிள்ளைகள் ஃபேபென், ஃபிகன், ஃபிஃபி, ஃப்ளின்ட். இப்படிப் பெயர் வைத்ததற்காகத்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜேனைக் கண்டித்தார்கள், எண் போட வேண்டுமாம். விலங்குக்குக் குணம் உண்டு, மனம் உண்டு என்றெல்லாம் எழுதக்கூடாதாம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இளங்கலைப் பட்டம் இல்லாமலே 1966இல் அங்கே முனைவர் பட்டம் வாங்கினார்.

குட்டி தாயின் தாடையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. தாய் எதையோ மென்றுகொண்டிருந்தாள். குட்டி வாயருகே கையை ஏந்தியது. அவள் உடனே கொடுக்கவில்லை. மறுபடி ஏந்தியது. சக்கையில் ஒரு துணுக்கைக் கீழுதட்டில் தள்ளி வைத்தாள், குட்டி எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் அப்பா வெற்றிலை போடும்போது நானும் தம்பியும் வாய்க்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

முகக்கவசத்துக்குக் காரணம் உண்டு. நம் சளி, காய்ச்சல் அவர்களுக்கும் தொற்றும். 1966இல் இங்கே போலியோ பரவியது. மிஸ்டர் மெக்ரெகர் என்ற வயதான சிம்பன்சிக்கு இரண்டு காலும் விழுந்துவிட்டது, கையை ஊன்றி இழுத்துக்கொண்டே நகர்ந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் சுட்டு அதன் வேதனையை முடிக்க வேண்டியதாயிற்று. மற்றவற்றுக்கு வாழைப்பழத்தில் சொட்டு மருந்து வைத்துக் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் முகாமில் வாழைப்பழம் வைத்துச் சிம்பன்சிகளை வரவழைப்பது வழக்கம். கூட்டமும் சண்டையும் அதனால் கூடியது. அது தவறுதான் என்று நான் நினைக்கிறேன், அந்த முறையை ஜேன் குழுவே பின்னால் கைவிட்டது. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது.

திரும்பும் வழியில் ஓடையோரம் எண்ணெய்ப்பனையின் சிவந்த கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன. ஜேன் மேடைகளில் சொல்லிவந்த நிகழ்ச்சி ஒன்று இதே மாதிரி ஓர் ஓடைக்கரையில்தான் நடந்தது. டேவிட் கிரேபியர்டின் பின்னால் முள்ளில் சிக்கிச் சிக்கிப் போனவர், அது உட்கார்ந்ததும் பழுத்த கொட்டை ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னும் கிட்டே நீட்டினார். அதற்குக் கொட்டை வேண்டாம். ஆனால் கையில் வாங்கிக் கீழே போட்டுவிட்டு, அவர் விரல்களை மெதுவாக ஒரு தடவை அழுத்தியது. பயப்படாதே என்று ஒரு சிம்பன்சி இன்னொன்றுக்குச் சொல்லும் விதம் அது.

நான்காம் நாள், மேட்டின் உச்சி

இன்று, ஜேன் அந்த நாட்களில் வழக்கமாக உட்கார்ந்த பாறை உச்சிக்கு ஏறினோம். தகரப் பெட்டி ஒன்றில் கம்பளி, கெண்டி, காப்பித்தூள், கொஞ்சம் டின் உணவு வைத்து இங்கேயே விட்டிருப்பாராம். சிம்பன்சிகள் பக்கத்தில் கூடு கட்டினால் இறங்காமல் இங்கேயே தூங்கிவிடுவார். தினமும் ஒரே நிறத் துணி, ஒரே இடம். "நான் இங்கே இருக்கிறேன், உங்களை ஒன்றும் செய்ய மாட்டேன்" என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, மாதக்கணக்கில் உட்கார்ந்து சொன்னார்.

வழிகாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கலாமா என்று கேட்டேன். தலையாட்டிவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். கீழே இரண்டு பள்ளத்தாக்குகள், மேற்கே ஏரி. முதல் கால்மணி நேரம் பொறுக்க முடியவில்லை, மனசு எதையாவது பேசிக்கொண்டே இருந்தது. அப்புறம் அடங்கியது. காற்று, ஓடை, தூரத்தில் ஒரு படகின் மோட்டார். பிறகு கீழிருந்து அது கேட்டது. "ஹூ..." என்று ஒரு குரல். இன்னொன்று சேர்ந்தது. ஏறி ஏறி, கடைசியில் பள்ளத்தாக்கே கத்துவதுபோல. எதிர்ச்சரிவிலிருந்து பதில் வந்தது. போனை எடுக்கவே தோன்றவில்லை. முடிந்த பிறகுதான் பதிவு செய்யாமல் விட்டோமே என்று நினைத்தேன்.

இந்தக் காட்டில் எல்லாம் அழகு என்று நினைக்க வேண்டாம். 1974இலிருந்து 1978 வரை இங்கே ஒரு சிம்பன்சிக் கூட்டம், தன்னிடமிருந்து பிரிந்துபோன கூட்டத்தை ஒவ்வொருவராகத் தேடிக் கொன்றது. ஒன்றாக வளர்ந்தவை. ஜேன் அதையும் மறைக்காமல் எழுதினார். 1972இல் கிழவி ஃப்ளோ ஓடையில் இறந்து கிடந்தாள். எட்டு வயது தாண்டிய ஃப்ளின்ட் சாப்பிடாமல் சோர்ந்து ஒரு மாதத்துக்குள் அம்மாவின் பின்னாலேயே போய்விட்டான். அன்பும் கொலையும் இரண்டும் நம்மைப்போலத்தான்.

இத்தனை வருடம் இருந்த இடத்தை அவர் விட்டது 1986இல். சிகாகோவில் சிம்பன்சி ஆய்வாளர்கள் கூடிய மாநாடு. ஆப்பிரிக்கா முழுக்கக் காடுகள் அழிவதையும், மருத்துவ ஆய்வுக்கூடங்களில் சின்னக் கூண்டுகளில் சிம்பன்சிகள் அடைபட்டிருப்பதையும் அங்கே ஒரே நேரத்தில் பார்த்தார். விஞ்ஞானியாக உள்ளே போய்ப் போராளியாக வெளியே வந்தேன் என்று சொல்வார். அதன் பிறகு ஆய்வுக்கூடங்களுக்கே நேரில் போனார், எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேசினார். சண்டை போட்டு ஜெயிப்பதைவிட மனசைத் தொடுவதுதான் நடக்கும் என்பது அவர் நம்பிக்கை. அவரைப்போலப் பலர் விடாமல் பேசியதில், 2015இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் தன் சிம்பன்சிகள் எல்லாவற்றுக்கும் ஓய்வு தருவதாக அறிவித்தது. இந்த உச்சியிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தக் கூண்டுகளுக்கு யார் போயிருப்பார்கள்?

மேடைக்கு அவர் எடுத்துப்போன பொம்மைக் குரங்கைப் பற்றியும் சொல்கிறேன். கண்பார்வை இழந்த மந்திர வித்தைக்காரர் ஒருவர், சிம்பன்சி என்று நினைத்துக் கொடுத்த பரிசு. ஜேன் அவர் கையைப் பிடித்து வாலைத் தொட வைத்தார், சிம்பன்சிக்கு வால் கிடையாதே. பரவாயில்லை, போகும் இடமெல்லாம் கொண்டு போங்கள், நானும் உங்களோடு வருவதாக இருக்கும் என்றாராம் அவர். கடைசி வரை கொண்டு போனார்.

ஐந்தாம் நாள், மறுபடி கிகோமா

காலைப் படகில் ஏறும்போது வழிகாட்டியிடம், என் மாணவர்களை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வயதுக்குச் சிம்பன்சி பார்க்கக் காட்டுக்குள் அனுமதி இல்லை என்றார். தொற்றும் ஆபத்தும் காரணம். நான் அதை யோசிக்கவே இல்லை. கோம்பேயை யாருக்காகக் காப்பாற்ற நினைக்கிறோமோ அந்தப் பிள்ளைகள் இங்கே வர முடியாது. 1991இல் தார் எஸ் சலாமில் 12 மாணவர்கள் தங்கள் கவலைகளைச் சொல்ல ஜேன் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். அவர்களோடு தொடங்கியதுதான் ரூட்ஸ் அண்ட் ஷூட்ஸ் என்ற பிள்ளைகள் இயக்கம். பிள்ளைகள் காட்டுக்கு வர முடியாது, சரி, காட்டை அவர்களிடம் கொண்டு போவோம் என்று கிளம்பியவர் மாதிரிதான் எனக்கு இப்போது தெரிகிறார்.

வழியில் ஒரு கிராமத்தில் இறங்கினேன். 1994இல் கோம்பேயைச் சுற்றியுள்ள ஊர்களில் தொடங்கிய டகாரே திட்டம், முதலில் சிம்பன்சியைப் பற்றிப் பேசவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று சனங்களைக் கேட்டது. மருந்தகம், பள்ளி, தண்ணீர், பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, சிறு கடன் என்று பேச்சு நடந்து, அப்புறம்தான் மரம் வந்தது. அந்த ஊரில் நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு அம்மாள், பிளாஸ்டிக் பைகளில் வளரும் கன்றுகளை வரிசையாகக் காட்டினார். ஒரு கன்றின் வேர் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதை விரலால் தடவி, "இதற்கு நேரமாகிவிட்டது" என்றார். மேலே சரிவில் போன முறை நட்டவை இடுப்பளவு நின்றன. மொட்டை மேட்டில் அந்தப் பச்சை இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது.

கிகோமா வந்ததும் போனில் செய்திகள் வந்து குவிந்தன. வகுப்புக் குழுவில் அந்தப் பெண்ணின் குரல் பதிவு: "டீச்சர், சிம்பன்சி சத்தம் கேட்டீங்களா? எங்களுக்கும் அனுப்புங்க."

என்னிடம் பதிவு இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது, டகா பிடிக்கும் படகுகள் ஒவ்வொன்றாக விளக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தன. போனை வாயருகே பிடித்து, உச்சியில் கேட்டதை நினைத்துக்கொண்டு தாழ்வாகத் தொடங்கினேன். ஹூ... ஹூ... மூச்சை இழுத்து, இன்னும் மேலே, இன்னும் மேலே. நிறுத்திய பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வலை உலர்த்தும் இடத்திலிருந்து, முகம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளை, என்னைவிட நன்றாக, பதில் குரல் கொடுத்தது.